குணமாகாதவர்கள் எழுதாத புத்தகம்

அக்கா,

போன வாரம் என் போனில் சத்தம் வராமல் போய்விட்டது. ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் செல்போன் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பழைய ஸ்பீக்கரைக் கழற்றி வேறொன்று போட்டார். சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, கைக்கு அகப்பட்ட ஒலிப்பதிவு ஒன்றைத் தட்டினார். கடை முழுக்க உங்கள் குரல் கேட்டது.

"இந்தாளுக்குப் பொம்பளைங்களப் பத்தி எழுதவே வர்ல கண்ணு. கதை பூரா அவ ஜன்னல்ல நின்னு வெளிய பாத்துக்கிட்டே இருக்கறா. அப்பறம் ஊட்ட யாரு கூட்டறது?"

ரீசார்ஜ் செய்ய வந்து நின்றிருந்த இருவர் சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, "சவுண்டு நல்லா வருதுங்களா?" என்று கேட்டார். வருகிறது என்று தலையை ஆட்டி, போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். நீங்கள் போன பிறகு ஒரு காப்பிப் பூக்காலம் வந்து போய்விட்டது. அத்தனை நாளும் அந்தப் பதிவுகளைத் தொடாமல் இருந்தேன். அழிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. யாரோ ஒருவரின் கட்டைவிரல் பட்டதும் நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள். நடுவில் எதுவுமே நடக்காதது போல, ஒரு நாவலைத் திட்டிக்கொண்டு.

ஏரிக்கரையில் வந்து உட்கார்ந்தேன். எதிர்க்கரை தெரியவில்லை. பனியைப் பற்றி நான் எழுதக் கூடாது, தெரியும். மலையை வைத்து எழுதப்பட்ட எந்த நாவலைப் படித்தாலும் உங்களுக்கு முதல் கோபம் அதில்தான் வரும். "இவனுங்களுக்குச் சோகம் வந்தா நம்மூருப் பனிய எடுத்துக்கறானுங்க. எனக்கு அது பெட்சீட்டுக் காயாத நாளு, அவ்வளவுதான்." அதனால் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நாம் ஓரகத்திகள், ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். நீங்கள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து, நான் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து. நாம் வந்து சேர்ந்த வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் தினக் காலண்டர் மட்டும்தான். உங்கள் கணவரை, என் கணவரின் அண்ணனை, நான் பெரிய மாமா என்றுதான் கூப்பிடுவேன். நீங்கள் இருவரும் ஏரிக்கு மேலே லாட்ஜ் நடத்தினீர்கள். நாங்கள் தலைச்சோலையில் காப்பித் தோட்டத்தை ஒட்டிச் சில அறைகள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டோம். பெரிய தூரமில்லை. ஆனாலும் இருவருக்கும் சேர்ந்தாற்போல ஓய்வு கிடைக்காது. அதனால்தான் அந்தக் குரல் பதிவுகள். காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது நீங்கள் பேசி அனுப்புவீர்கள். மூச்சு வாங்கும். நடுவில் யாருக்கோ, "ஏனுங்க, காப்பி சாப்ட்டாச்சுங்களா?" என்பீர்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து நாவலைத் தொடர்வீர்கள்.

நீங்கள் நாவல் கட்சி. நான் எதிர்க்கட்சி. மூளை எப்படி யோசிக்கிறது, தூக்கம் ஏன் கெடுகிறது, பழக்கங்களை எப்படி மாற்றுவது, ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்று சொல்லும் புத்தகங்கள்தான் எனக்குப் பிடிக்கும். பென்சிலால் அடிக்கோடு போட்டுப் படிப்பேன். உங்களுக்கு அதைப் பார்த்தாலே சிரிப்பு.

"இத்தன பக்கம் எதுக்கு கண்ணு? காலைல நேரத்துல எந்திரி, கோவப்படாத, அடுத்தவனப் பாத்துப் பொறாமப்படாத. இத நம்ம காலண்டர் தாள்லயே போட்டுருக்கறான்."

மனிதகுலத்தின் கதையை ஆதியிலிருந்து சொல்லும் தடிப் புத்தகம் ஒன்றை நான் வாங்கி வந்தபோது அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மாமியா கதையே ஒரு புஸ்தகத்துல அடங்காது. இவன் மொத்தப் பேரு கதையயும் அடக்கிட்டானாக்கும்?" என்றீர்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நாவல் படிச்சு முடிச்சா கையில என்னங்கக்கா இருக்குது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இருக்காது. அதுதான் நல்லா இருக்கும்."

உங்கள் கட்சிக்காரர்களையும் நீங்கள் சும்மா விட்டதில்லை. விருது வாங்கிய நாவல் என்றால் முதலில் எடை பார்ப்பீர்கள். தலையணை அளவுக்கு எழுதுகிறவர்களுக்கு வீட்டில் யாரோ சோறு ஆக்கிப் போடுகிறார்கள் என்பது உங்கள் முடிவு. வட்டார வழக்கை வைத்துக்கொண்டு ஊரையே கோமாளியாக்குகிறவர்களைக் கண்டால் பிடிக்காது. பின்னட்டையில், 'வாசகனை உலுக்கிப் போடும்' என்று அச்சடித்திருந்தால், "நானென்ன புளியமரமா?" என்பீர்கள். புதிதாக எழுத வந்த பெண்களின் சின்ன நாவல்களை மட்டும் வாங்கிய அன்றே படிப்பீர்கள். அவர்களையும் திட்டுவீர்கள். சொந்தத் தங்கச்சியைத் திட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒரு எழுத்தாளர் உங்கள் லாட்ஜில் வந்து தங்கி நாவல் எழுதியது நினைவிருக்கிறதா? அவர் யாரென்று உங்களுக்கு அப்போது தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டே கிடக்கிறாரே என்று பயந்து, பெரிய மாமாவை விட்டு இரண்டு தடவை கதவைத் தட்டச் சொன்னீர்கள். பிறகு புத்தகம் வெளிவந்தது. அதில் ஒரு மலை லாட்ஜ் இருந்தது. அதன் முதலாளியம்மா பேசவே மாட்டாள். சோகமான கண்களோடு தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள். சேலம் புத்தகக் கண்காட்சியில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நீங்கள் போட்ட சத்தத்தில் கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானு இந்தாளுக்கு டீயே கொண்டு போனதில்ல கண்ணு! எனக்கென்ன சோகம்? டேங்க்ல தண்ணி இல்லீன்னு நானு கத்துன கத்து இவங்காதுல விழுவவே இல்லியா?"

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். உங்கள் மடியில் புத்தகப் பைகள். எனக்கு வயிற்றைப் பிரட்டியது. அப்படியும் சிரித்தேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில்தான், குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது என்று சொன்னீர்கள். சேலத்தில் ஆஸ்பத்திரி. பரிசோதனைகள், ஆபரேஷன், அதற்குப் பிறகு இடைவெளி விட்டு விட்டு மருந்து ஏற்றுவது. முதல் தடவை மருந்து ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது ஒவ்வொரு வளைவிலும் காரை நிறுத்த வேண்டியிருந்தது. சாலையோரத்துக் கல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு, "இத ஒருத்தனும் எழுதலியே" என்றீர்கள். அதுதான் அந்த நோயைப் பற்றி நீங்கள் சொன்ன முதல் கருத்து.

படுக்கையில் பொழுது போக வேண்டுமே என்று புது நாவல்களாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். நீங்கள் பையைப் பிரிக்கவில்லை.

"வேண்டாங் கண்ணு. எடுத்துட்டுப் போயிரு."

"ஏனுங்கக்கா, படிக்க முடியலீங்களா?"

"படிக்க முடியும். நாவல்ல ஒரு பொம்பளைக்கு நோவு வந்தா அவ பொழைக்கறதே இல்ல. முதல் அத்தியாயத்துல இருமுனாள்னா கடைசி அத்தியாயத்துல செத்துருவா. சாவடிக்கறதுக்கில்லீன்னா எழுதறவன் அவளுக்கு எதுக்கு இருமல் குடுக்கறான்?"

அப்படி நான் யோசித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து அலமாரியில் இருந்த நாவல்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான். பிழைத்த ஒருத்தி கூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூரிலிருந்து உங்களைப் பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அட்டையில் எழுதியவரின் சிரித்த முகம். அவருக்கும் இதே நோய் வந்ததாம். ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து, சமைக்காத உணவாலும் மனதை அடக்கியும் தானே குணமானாராம். அவர் சொன்னபடி செய்து குணமானவர்கள் அத்தியாயத்துக்கு ஒருவராக வந்து பேசினார்கள். நீங்கள் அதை ஒரே மூச்சில் படித்தீர்கள். திரும்பவும் படித்தீர்கள். நான் வந்தபோது என் பென்சிலைக் கேட்டு வாங்கினீர்கள்.

"உங்கட்சிக்கு வந்துட்டேன் கண்ணு" என்று சிரித்தீர்கள்.

அடுத்த முறை மருந்து ஏற்றும் நாள் வந்தது. நீங்கள் போகவில்லை. அதற்கடுத்ததற்கும் போகவில்லை. அரிசியை நிறுத்தினீர்கள். ஊற வைத்த தானியம், பச்சைக் காய், தோட்டத்துக் கீரையை அரைத்த சாறு. காலையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு நடந்ததுதான் கொடுமை. உங்களுக்கு உடம்பு தேறியது. வாந்தி நின்றது. முகத்தில் களை வந்தது. தலையில் பூனைமுடி போல மயிர் அரும்பியது. மறுபடி ஏரியைச் சுற்றி நடந்தீர்கள். கடைக்காரர்கள் எல்லாம், "அக்கா நல்லாயிட்டீங்க" என்றார்கள். பெரிய மாமா சேர்வராயன் கோயிலுக்குப் போய்ப் பூஜை செய்துவிட்டு வந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான்.

ஒரு நாள் மதியம் அந்தப் புத்தகத்தை உங்களிடம் கேட்டு வாங்கிவந்து படித்தேன். நல்ல புத்தகம், அக்கா. அதை இப்போதும் சொல்வேன். தண்ணீர் போல ஓடும் நடை. ஒவ்வொரு கதையும் அழுகையில் ஆரம்பித்துச் சிரிப்பில் முடியும். நான் வருஷக்கணக்கில் ஆசையாகப் படித்துவந்த புத்தகங்கள் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஜெயித்தவரின் கதை, அதிலிருந்து ஒரு பாடம், அடுத்து இன்னொருவரின் கதை. படித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது. உங்களுக்குத் தேறியது அந்தச் சாற்றாலா, மருந்தை நிறுத்தியதால் வாந்தி நின்றதாலா? அந்தக் கேள்வி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அப்படி ஒரு கேள்வி இருக்கும் என்றுகூட அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் லாட்ஜ் மொட்டை மாடிக்கு வந்தேன். நல்ல வெயில். நீங்கள் துவைத்த பெட்ஷீட்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு முனையை நான் பிடித்தேன்.

"அக்கா, அந்தப் புஸ்தகத்தப் படிச்சேனுங்க."

"எப்படி? உனக்குப் புடிக்குமே."

"அதுல எல்லாருமே கொணமாயிட்டாங்க."

"ஆமா. அதுக்குத்தானே எழுதிருக்கறாரு."

"கொணமாகாதவங்களும் இருப்பாங்கல்லீங்க? இதே சாறு குடிச்சு, இதே மாதிரி உக்காந்து. அவுங்கெல்லாம் எங்கீங்கக்கா? ஒருத்தருகூட வந்து பேசலியே?"

உங்களுக்குக் கோபம் வந்தது. ஈரத் துணியை உதறினீர்கள். "கூறில்லாமப் பேசாத. செத்தவங்க எப்படி கண்ணு எழுதுவாங்க?"

சொன்ன பிறகு நீங்கள் அசையவில்லை. கையில் பெட்ஷீட்டின் முனை இருந்தது. நானும் என் முனையை விடவில்லை. கீழே யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள், வேறு யாரோ, "வா, வா, வா" என்று கத்தினார்கள். கார் போய்ச் சத்தம் அடங்கும் வரை நாம் அப்படியே நின்றிருந்தோம்.

பிறகு நீங்கள் என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள். "நாவல்ல அவுங்கதான் இருக்கறாங்க. செத்தவங்க பேசறது அங்க மட்டுந்தான். அதனாலதான் அங்க போறதுக்குப் பயமா இருக்குது சாமி."

மிச்சப் பெட்ஷீட்டுகளையும் காயப்போட்டோம். சில நாட்கள் கழித்து நீங்களே போன் செய்தீர்கள். "வெள்ளிக்கிழமை சேலம் போலாமா? நீயும் வர்றியா?"

டாக்டர் இளம் வயதுப் பெண். புது ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஏம்மா நடுவுல விட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. "ஒரு புஸ்தகம் படிச்சேனுங்க" என்றீர்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்வது போல இருந்தது. திரும்பி வரும்போது அடிவாரம் தாண்டினோம். முதல் வளைவில் வாயைத் திறந்தீர்கள்.

"ஆயுசு பூராப் படிச்சேன். எந்தப் புஸ்தகத்தையும் நம்பி ஒரு காரியமும் செஞ்சதில்ல. செஞ்சது இது ஒண்ணுதான் கண்ணு."

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வளைவில் கார் திரும்பும்போதெல்லாம் இன்னும் அதைக் கேட்கிறேன்.

நோய் அதற்குள் எலும்புக்குப் போயிருந்தது. மறுபடி மருந்து ஏற்றினார்கள். உடம்பு தாங்கவில்லை. ஒரு கட்டத்தில் டாக்டரே, வீட்டில் வைத்து வலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். லாட்ஜின் மேல்மாடியில், சில்வர் ஓக் மரங்களைப் பார்த்த அறையில் உங்களைப் படுக்க வைத்தோம். நான் பெரும்பாலும் அங்கேயே இருந்தேன்.

ஒரு நாள், "நாவல் எடுத்துட்டு வா" என்றீர்கள்.

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "எதுங்கக்கா வேணும்?"

"செத்துப் போறவங்க இருக்கற நாவலா எடு. எப்படிப் போறாங்கன்னு பாக்கலாம்."

எடுத்துவந்தேன். உங்களால் புத்தகத்தைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை. நான் சாவுக் காட்சிகளை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். அந்த நாட்களில் நீங்கள் சொன்னதைப் போன்ற விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. ஒரு நாவலில் கதாநாயகி கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கத்துக்குப் பேசிவிட்டுக் கண்ணை மூடுவாள். "நிறுத்து. சாவப்போறவளுக்கு வாயி வறண்டு கெடக்கும். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கும். இவ்வளவு பேசுவாளா? தண்ணி குடுங்கன்னு ஒருக்காவாச்சும் கேக்க வேண்டாமா?" இன்னொன்றில் அறை முழுக்க மல்லிகை வாசம் அடிக்கும். "என்ன வாசம் அடிக்குதுன்னு நீ சொல்லு பாக்கலாம்" என்றீர்கள். நான் சொல்லவில்லை. இருவருக்கும் தெரியும். கிழவர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பறவை பறப்பதைப் பார்த்தபடி போய்ச் சேரும் கதைக்கு, "மறுபடியும் ஜன்னலு!" என்று சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் உங்களுக்குப் பிடித்தது. ஒரு பெண் எழுதிய முதல் நாவல். மெலிந்த புத்தகம். அதில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவர் அடை தோசை கேட்பார். மாவு இல்லை, நாளைக்குச் சுட்டுத் தருகிறேன் என்று மகள் சொல்வாள். மறுநாள் காலையில் பருப்பை ஊறப்போடும்போது அவர் இல்லை. அவ்வளவுதான். நாவல் வேறு விஷயத்துக்குப் போய்விடும்.

தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்துப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"இவ பாத்துருக்கறா" என்றீர்கள். "நாளைக்குன்னுதான் சொல்லுவாங்க. எங்கிட்டயும் எல்லாரும் அதத்தான் சொல்றீங்க."

அதற்குப் பிறகு உங்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல என் வாய் வரவில்லை. மாத்திரை எப்போது என்று கேட்டால், 'காலைல' என்பேன்.

நீங்கள் போன அன்று பனி இல்லை, அக்கா. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பளீரென்ற மத்தியான வெயில். கோடை சீசன். லாட்ஜில் அறைகள் நிறைந்திருந்தன. முன்பே வந்து தங்கியவர்களை வெளியே போகச் சொல்ல முடியவில்லை. கீழே குழந்தைகள் ஓடுகிற சத்தம். உங்கள் மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. நான் தலைமாட்டில் இருந்தேன். பெரிய மாமா உங்கள் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து ஒருவர், "சார், வெந்நீர் வரலீங்களே" என்று குரல் கொடுத்தார். பெரிய மாமா என்னைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் எழுந்து போனார். அத்தனை வருஷமாக அந்தக் குரலுக்கு எழுந்து போன கால்கள். அவர் திரும்பிப் படியேறி வருவதற்குள் நீங்கள் இல்லை. கடைசிச் சொல் எதுவும் சொல்லவில்லை. நான் ஈரத் துணியால் உங்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் பெரிய மாமா வெந்நீர் கேட்கும் குரலுக்கு எழுந்து போவதில்லை. அதற்கென்று வாழவந்தியிலிருந்து வரும் ஒருவரை வேலைக்கு வைத்திருக்கிறார். யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் மூக்குக்கண்ணாடி நீங்கள் படுத்திருந்த அறையில்தான் இருக்கிறது. அந்த அறையை வாடகைக்கு விடுவதில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு நான் தனியாகச் சேலம் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. "நடுவுல மருந்த விட்டதாலதானுங்களா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதுங்க. விடாம இருந்திருந்தாலும் இப்படி ஆகியிருக்கலாம். ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார். நான் இன்னும் ஏதாவது சொல்வார் என்று உட்கார்ந்திருந்தேன். வெளியே அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதன் பிறகு என் புத்தகங்களை என்னால் பழையபடி படிக்க முடியவில்லை. வியாபாரத்தில் ஜெயித்த ஒருவர் முதல் அத்தியாயத்தில் வந்து நின்றால், அவரைப் போலவே விடியற்காலையில் எழுந்து அவரைப் போலவே உழைத்துத் தோற்றவர்கள் அறைக்கு வெளியே நிற்கிறார்கள் என்று தோன்றிவிடுகிறது. பக்கத்தைத் திருப்பினால் கூட்டம் கூடுகிறது. யாரும் பேசுவதில்லை. சும்மா நிற்கிறார்கள். அதில் ஒரு முகம் எனக்குத் தெரிந்த முகம். மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நாவலை எடுத்தால் அங்கே நீங்கள் எனக்கு முன்பே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். கதாநாயகி ஜன்னலை நோக்கி நடந்தாலே உங்களுக்கு இருமல் வந்துவிடுகிறது. இதை வீட்டுக்காரரிடம் சொன்னால், "கொஞ்ச நாளைக்குப் படிக்காத" என்றார். படிக்காமலும் இருந்து பார்த்தேன். அது இன்னும் மோசம். வீடு அமைதியாகிவிடுகிறது.

முந்தாநாள் எங்கள் அறைகளில் ஒன்றில் கணவனும் மனைவியுமாக இருவர் வந்து தங்கினார்கள். ஈரோட்டுக்காரர்கள். அந்தம்மாவுக்கு என் வயது இருக்கும். தலையில் இறுக்கமாகத் துணி கட்டியிருந்தார். புருவம் இல்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மறுநாள் காலை வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார். காப்பியைக் கொண்டுபோனவள் அட்டையைப் பார்த்துவிட்டேன். உங்களுடைய அதே புத்தகமில்லை. அதன் ஜாதிதான். சிரித்த முகம், குணமாகும் வழி.

காப்பியை வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுப்படிக்குப் போய் நின்றேன். நமக்கென்ன என்று நினைத்தேன். யாரோ, எந்த ஊரோ. என்ன உரிமையில் கேட்பது? ஆனால் கால் நிற்கவில்லை. மறுபடி போனேன்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"மருந்து ஏத்தறத நிறுத்தலீங்களே?"

அவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "இல்லீங்க. அடுத்த வாரம் போவணும்" என்றார். புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "இது சும்மாதானுங்க. படிக்கறப்ப ஒடம்பு வலிக்காத மாதிரி இருக்குது. அதுக்குத்தான்."

படிக்கும்போது உடம்பு வலிக்காத மாதிரி இருக்கிறது. நீங்கள் என் பென்சிலைக் கேட்டு வாங்கிய அன்று உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதை நான் உங்களிடம் கேட்டதேயில்லை. மொட்டை மாடியில் நாம் வாதம்தான் செய்தோம்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அந்தம்மா கேட்டார்.

"எங்கக்காவுக்கு இருந்துச்சுங்க" என்றேன். ஓரகத்தி என்று சொல்ல வரவில்லை.

"இப்ப எப்படி இருக்கறாங்க?"

என் புத்தகங்களாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு நல்ல பதில் இருந்திருக்கும். உங்கள் நாவல்களாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு நீளும். என்னிடம் இரண்டும் இல்லை.

"இல்லீங்க. போயிட்டாங்க."

அவர் கண்ணைத் தாழ்த்தவில்லை. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "மருந்த விட்டுட்டாங்களா?"

"கொஞ்ச நாள் விட்டாங்க."

"அதனாலதானா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது, அக்கா. சொன்னால் அவர் ஒருநாளும் மருந்தை விட மாட்டார். இல்லை என்றும் சொல்லலாம், அவருக்குப் பயம் குறையும். இரண்டுமே நன்றாக எழுதப்பட்ட வாக்கியங்களாக வாய்க்குள் வந்து நின்றன. உங்களுக்கு இரண்டும் பிடித்திருக்காது.

"தெரியலீங்க" என்றேன். "டாக்டருக்கும் தெரியல. எனக்கு இன்னமும் தெரியல."

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் இருந்த சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க" என்றார். "அவுங்களப் பத்திச் சொல்லுங்க."

உட்கார்ந்தேன்.